காலனிப் பூட்டு

முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது பாவாடை உயிரோடு இருந்தார். "கார்த்திகை மழ. வெறும் டீயா போடாத, இஞ்சி தட்டிப் போடு" என்று படுக்கையிலிருந்தே சொன்னார். சாமியம்மாள் இஞ்சியைத் தட்டி, ஈர விறகை ஊதி ஊதிக் கொதிக்கவைத்து, டம்ளரோடு திரும்பியபோது அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். தோளைத் தொட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை தொட்டாள். பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏனென்று தெரியாமல், அந்த டீயைத் தானே குடித்து முடித்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

முப்பத்தோரு வருசம் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. பெல்ட்டுக்கடியில் சிந்தும் கரியை வாரிப் போடுவது. பெர்மனென்ட் ஆவேன் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளுக்கு நெஞ்சுச்சளிதான் பெர்மனென்ட் ஆயிற்று. ஏழு வருசமாக வீட்டோடு இருந்தார். சாமியம்மாள் விடியற்காலை பஸ்ஸில் டவுன்ஷிப்புக்குப் போய் நாலு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, மதியம் திரும்புவாள். அந்த வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கியதே இல்லை. "ஆளு கெடக்குற வூட்டுக்கு எதுக்குடி பூட்டு? எம் இருமலக் கேட்டாலே நாய் ஓடிப்பூடும்" என்பார் பாவாடை.

மழை அன்றைக்கு நாலாவது நாள். கரண்ட் போய் இரண்டு நாளாகியிருந்தது. காலனியின் இருபத்தாறு வீட்டு ஆட்களும் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். மகன் அன்புச்செல்வன் இரண்டாம் சுரங்கத்தில் ஷிப்டு முடித்து, கரி படிந்த முகத்தோடு ஓடி வந்தான். மழைத்தண்ணீர் அந்தக் கரியில் கோடு கோடாக வழிந்திருந்தது. அவன் அழுதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாள்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். குழி வெட்டும் இடத்தைப் பார்க்கப் போனவர்களோடு அவளும் கரை வரைக்கும் போயிருந்தாள்.

"எடம் தண்ணிக்குள்ள கெடக்குதுடி, சாமியம்மா. பூவரச மரத்துத் தூரு முழுகிப்போச்சு. தமிழ்மொழி மேடு எங்க இருக்குதுன்னே தெரியல."

தமிழ்மொழி அவர்களுடைய மகள். பதினோரு வயதில், ஐந்தே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பதினாலு வருசமாயிற்று. சித்தேரியின் மேற்குக் கரையில், காலனிக்கென்று விட்டிருந்த சுடுகாட்டு மேட்டில், பூவரச மரத்தடியில் புதைத்தார்கள். காலனியில் எரிக்கும் வழக்கம் இல்லை. வீட்டோடு ஆன பிறகு பாவாடை ஒரு நாள் மெல்ல நடந்துபோய், மகளின் மேட்டுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டு வந்தார். "எடம் போட்டு வச்சிட்டேன். பஸ்ஸுல துண்டு போட்ட மாரி. எவனும் உக்கார முடியாது" என்று சிரித்துக்கொண்டே இருமினார்.

சாமியம்மாள் எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"கலங்கலத் தொறந்தா அஞ்சு மணி நேரத்துல எடம் தெரிஞ்சிபூடும். மேட்டு மண்ணு, ஒடனே மம்பட்டி புடிக்கும்" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றுபோனாள். கலங்கலின் சாவி அவளிடம் இல்லை.

புங்கங்குப்பம் சித்தேரிக்கு வானத்துத் தண்ணீர் பாதி, சுரங்கத்துத் தண்ணீர் பாதி. கரி எடுக்க வேண்டுமென்றால் அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது வாய்க்கால் வழியாக இரவும் பகலும் இந்த ஏரிக்கு வரும். மழை நின்றாலும் மட்டம் இறங்காது. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்பு நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தபோது, கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று உபரிநீர் வழியும் கலங்கலை இரண்டு முழம் உயர்த்தி இரும்பு ஷட்டர் போட்டார்கள். ஊர்த்தெருக்காரர்களுக்கு நிலம் இருந்தது. ஏரி நிறைந்தால் சம்பா விளையும். காலனிக்கு நிலம் இல்லை, சுடுகாடுதான் இருந்தது. ஏரி நிறைந்தால் அது முழுகும்.

கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் நீர்வடிப்பகுதிக் குழு ஒரு ஏற்பாடு செய்தது. சுடுகாட்டு மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கல்லில் வெள்ளைக் கோடு போட்டார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் ஷட்டரைத் தூக்க வேண்டும். சக்கரம் சுழலாதபடி குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. தண்டின் ஒரு முனையில் ஊர்ப் பூட்டு, மறுமுனையில் காலனிப் பூட்டு. இரண்டையும் திறந்தால்தான் தண்டு கழலும். ஆண்கள் கையில் சாவி இருந்தால் சாராயக்கடையில் மறந்துவிடுவார்கள் என்று இரண்டு சாவியும் பெண்களிடம் போயின. ஊர்ப் பக்கம் சிங்காரவேலின் மனைவி ஜானகியம்மாள். காலனிப் பக்கம் எட்டாவது படித்திருந்த சாமியம்மாள். குழுவுக்குச் செயலாளரும் அவள்தான்.

முதல் வருசமே ஊர்த்தெரு இளவட்டங்கள் தண்ணீர் போகக் கூடாதென்று காலனிப் பூட்டைக் கல்லால் உடைத்து, தங்கள் பூட்டை மாட்டிவிட்டார்கள். சாமியம்மாள் கலங்கல் மேலேயே இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் கூடிய கூட்டத்தில் அவளே தீர்மானப் புத்தகத்தில் எழுதினாள்: எந்தப் பக்கத்தார் எந்தப் பூட்டை உடைத்தாலும் அந்தப் பக்கத்தாருக்கு அதற்குப் பிறகு சாவி கிடையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் பூட்டில் கை வைக்கவில்லை.

அன்றிலிருந்து கோட்டைத் தண்ணீர் தொடும்போதெல்லாம் இரண்டு பெண்களும் கலங்கலில் சந்தித்தார்கள். சக்கரத்தைச் சுழற்றுவது பாவாடை, நெஞ்சுச்சளி வந்த பிறகும். நாற்பது சுற்று, வாய்விட்டு எண்ணுவார். தண்ணீர் இறங்கும் வரைக்கும் பெண்கள் கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஜானகியம்மாள் அவளை 'நீ' என்பாள். இவள் 'நீங்க' என்பாள். அது கடைசிவரை மாறவில்லை. ஆனால் ஜானகியம்மாளின் கருப்பையை எடுத்தது அவள் மருமகளுக்குத் தெரிவதற்கு முன்னால் சாமியம்மாளுக்குத் தெரியும். மறுபடி பூட்டும்போது, ஒருத்தி பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து "பூட்டிட்டேன்" என்பாள். மற்றவள் "நானும் பூட்டிட்டேன்" என்பாள். யாரும் சொல்லித் தந்த வழக்கம் இல்லை, தானாக வந்தது.

போன ஆடி மாதம் ஜீப் வந்தது. நாற்பத்தோரு ஏரிக்கும் இருந்த நாற்பத்தோரு குழுக்களையும் கலைத்து, கடலூரில் ஒரே மண்டல ஆணையமாகச் சேர்த்துவிட்டதாக ஒரு தாளை வாசித்தார்கள். தீர்மானப் புத்தகம், முத்திரை, தண்ணீர் அளக்கும் கம்பு, சாவி எல்லாம் கேட்டார்கள். சாமியம்மாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஜீப் கிளம்பிய பிறகுதான் நினைப்பு வந்தது. தொலைந்தால் என்ன செய்வது என்று டவுன்ஷிப் பஜாரில் ஒரு மாற்றுச்சாவி போட்டு, சிவப்பு நூல் கட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். குழுச் சொத்து வீட்டில் இருக்கலாமா? எடுத்துக்கொண்டு ஓடினாள். முந்திரித் தோப்பு முனையில் ஜீப்பைப் பிடித்து அதையும் கொடுத்தாள். அந்த அதிகாரி ஆச்சரியமாகப் பார்த்து, "ரொம்ப நேர்மையா இருக்கீங்கம்மா" என்றார்.

பாவாடை அன்றைக்குச் சோறு தின்னும்வரை தலையில் அடித்துக்கொண்டார். "புடுங்கினு போனவன்கிட்ட பறிகொடுத்தவன பாத்திருக்கேன். தொரத்திக்கினு போயி குடுத்தவ நீ ஒருத்திதாண்டி."

இப்போது அன்புச்செல்வன் செல்போனில் மண்டல அலுவலகத்துக்குப் போட்டு, "நீயே பேசும்மா, எனக்கு வாய் வரல" என்று கொடுத்தான்.

"ஐயா, புங்கங்குப்பம் சித்தேரிங்க. கலங்கல் ஷட்டரத் தூக்கணும்ங்க."

"ஏரி நம்பர் சொல்லுங்கம்மா."

"நம்பர்லாம் தெரியாதுங்க. சித்தேரிங்க."

"சித்தேரின்னு லிஸ்ட்ல ஆறு இருக்கும்மா. கரையில போர்டு வச்சிருப்பாங்க, அதுல பாருங்க."

"போர்டு இன்னும் வக்கிலீங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி, இருபத்தேழு. தண்ணி எவ்ளோ நிக்குது?"

"வெள்ளக் கோட்டுக்கு மேல ஒன்ற மொழம் ஏறிப்போச்சுங்க."

"மொழம், சாணெல்லாம் நா எழுத முடியாதும்மா. மீட்டர்ல சொல்லுங்க."

"அளக்குற கம்ப நீங்க எடுத்துக்கினு போய்ட்டீங்களேங்க."

அந்தப் பக்கம் மறுபடி தாள் புரண்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு காலையில தவறிட்டாருங்க. சுடுகாடு தண்ணிக்குள்ள கெடக்குது. ஒரு அஞ்சு மணி நேரம் தொறந்தா போதும்ங்க. நாங்களே மூடிட்டுக் குடுத்துர்றோம்."

"அடடா." அவர் குரல் நிஜமாகவே இறங்கிற்று. "நா என்னம்மா செய்யட்டும்? ஷட்டர் தூக்கற லஸ்கர் நாப்பத்தோரு ஏரிக்கு ரெண்டே பேரு. ஒருத்தர் குறிஞ்சிப்பாடி பக்கம் கரை கசியற எடத்துல நிக்கறாரு. சாவிக்கொத்து இருக்கறவரு மேல்பட்டாம்பாக்கத்துல மாட்டிக்கிட்டாரு, ரோடு இல்ல. ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள். கண்டிப்பா உங்களுதுதான் மொதல்ல."

"பொணம் தாங்காதுங்க ஐயா. இங்க கரண்ட் இல்ல."

"அதான் நானும் யோசிக்கறேம்மா" என்றார் அவர். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அன்புச்செல்வன் போனைப் பையில் போட்டான். வள்ளியம்மாள் வீட்டுப் பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தான். நாலைந்து பேர் அவன் பின்னால் கிளம்பினார்கள். சாமியம்மாள் ஓடினாள். செத்தவரைப் போட்டுவிட்டுப் பொண்டாட்டி வாசல் தாண்டக் கூடாது என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். கரையில் சறுக்கி, முட்டி பெயர்ந்து, கலங்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. குடை திரும்பியது. ஜானகியம்மாள்.

"சேதி கேட்டேன்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சாவி வந்தது.

சாமியம்மாள் சாவியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் மாத்துச்சாவி போட்டு வச்சிருந்தீங்களா?"

"பின்ன? ஒன்னைய நம்பி ஒத்தச் சாவியோட இருப்பேனா? டவுன்ஷிப் பஜார்ல போட்டேன். ஜீப்புக்காரன் கேட்டான், வேற இல்லன்னுட்டேன். எம்மாஞ் சொத்து, இந்தச் சாவி. ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போவுது."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். ஜானகியம்மாள் ஊர்ப் பூட்டைத் திறந்தாள். துருவோடு அது கழன்று வந்தது. தண்டின் ஒரு முனை விடுபட்டு ஆடியது. மறுமுனையில் காலனிப் பூட்டு மழைத்தண்ணீர் சொட்டத் தொங்கியது.

"எங்க ஒன்னுது?"

"குடுத்துட்டேங்க. ரெண்டையுமே."

ஜானகியம்மாள் அவளையே பார்த்தாள். "பைத்தியக்காரி" என்றாள். திட்டுவதுபோல் தொடங்கிய சொல், முடியும்போது உடைந்திருந்தது.

அன்புச்செல்வன் கடப்பாரை முனையைப் பூட்டின் வளையத்துக்குள் நுழைத்தான்.

"எடுடா" என்றாள் சாமியம்மாள்.

"யம்மா, தள்ளு."

"எடுடா அத. பன்னெண்டாந்தேதி கடலூர்ல மீட்டிங் போட்டிருக்கறாங்க. ரெண்டு பூட்டு எதுக்கு, ஒரே பூட்டு போதும்னு ஊர்லேர்ந்து மனு போயிருக்குது. தீர்மானப் புஸ்தகம் அவங்க கையில இருக்குது. உடைச்சவனுக்குச் சாவி இல்லன்னு எழுதியிருக்குது. எங்கையெழுத்துடா அது. இன்னிக்கி நாம உடைச்சோம்னா வேற காரணமே வேணாம் அவங்களுக்கு. இருபத்தாறு வூட்டுக்கும் பூட்டே இல்லாமப் பூடும்."

"நம்ம பூட்டுதானம்மா! நம்ம பூட்ட நாமளே உடைக்கறதுக்கு எவன் இன்னா கேக்கறது?"

"எந்தப் பூட்டன்னுதான் எழுதியிருக்கேன்."

"எங்கப்பன் அங்க பொணமா கெடக்கறான்!" அவன் குரல் ஏரியைத் தாண்டிப் போயிற்று. "துண்டு போட்டு எடம் புடிச்சி வச்சிருக்கறான், அவ பக்கத்துல. ஒனக்கு மீட்டிங்கு!"

"நா சாட்சி சொல்றேன், சாமியம்மா" என்றாள் ஜானகியம்மாள். "நாந்தான் உடைக்கச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். உடைக்கட்டும்."

"நீங்க சொல்லுவீங்க. ஒங்க ஊரு கேக்குமாங்க?"

ஜானகியம்மாள் திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்தாள். "எங்க முந்திரித் தோப்புல ஒரு மூல..." என்று தொடங்கினாள். "ஒங்கூட்டு ஐயா ஒத்துக்குவாரா?" என்று சாமியம்மாள் கேட்டதும் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சாமியம்மாள் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீருக்கு நடுவே பூவரசு நின்றது. அதன் தூரிலிருந்து இடப்பக்கம் நாலு தப்படியில் மேடு. அதற்கும் இப்பால் நாலு கல். கண்ணை மூடினாலும் அவளுக்கு இடம் தெரியும். மழை கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது.

"டவுன்ஷிப் எரிமேடைக்கு வண்டி சொல்லுடா" என்றாள்.

அன்புச்செல்வன் கடப்பாரையை ஏரிக்குள் வீசினான். பிறகு குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஜானகியம்மாள் தன் பூட்டை மறுபடி மாட்டி, இழுத்துப் பார்த்தாள். பூட்டிட்டேன் என்று சொல்லவில்லை.

அன்று மதியம் ஜானகியம்மாள் காலனிக்கு வந்தாள். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவை. ஒரு தூக்கில் சுக்குக் காப்பியும் ஒரு மாலையும் கொண்டுவந்திருந்தாள். எங்கே நிற்பதென்று தெரியாமல் வாசலில் தடுமாறினாள். வள்ளியம்மாள் கோணியை உதறிப் போட்டாள். உட்கார்ந்தாள். பாவாடையின் கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டு, "நாப்பது சுத்து. ஒரு நாளும் முப்பத்தொம்பதுல நிறுத்துனதில்ல" என்றாள்.

முப்பத்தோரு வருசம் வேலை பார்த்தும் டவுன்ஷிப்புக்குள் ஒரு நாள் குடியிருக்கக் கிடைக்காத மனிதரை, ஆட்டுக்குட்டி ஏற்றுகிற சின்ன லாரியில் தார்ப்பாய் போட்டு டவுன்ஷிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே கரண்ட் இருந்தது. தெருவிளக்கெல்லாம் பகலிலேயே எரிந்தன. எரிமேடையில் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டவர், "பொதைக்கறவங்கதான நீங்க?" என்றார். "ஆமாங்க" என்றான் அன்புச்செல்வன். அவர் ரசீதைக் கிழித்து நீட்டினார். பெண்கள் அந்த இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லாததால், சாமியம்மாள் காலனி முனையிலேயே நின்றாள். லாரி கண்ணை விட்டு மறைந்த பிறகும் வெகுநேரம், கிழக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து எழுந்த வெள்ளைப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவர் புகை எது என்று எப்படித் தெரியும்?

அவர் போன நாலாம் நாள் வெயில் அடித்தது. மோட்டார் சைக்கிளில் லஸ்கர் வந்தான். ஜெயகணேஷ் என்று பேர், அன்புச்செல்வன் வயதுதான் இருக்கும். மூன்று நாள் உடுத்திய பேன்ட் முட்டிவரை சேறு. கரையில் கூட்டம் கூடியது. கையிலிருந்த கொத்தில் அறுபது, எழுபது சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான்.

"அந்தச் செவப்பு நூலு" என்றாள் சாமியம்மாள், பத்தடி தள்ளி நின்றபடியே.

பூட்டு உடனே திறந்தது. ஊர்ப் பூட்டையும் திறந்தான். தண்டைக் கழற்றி, சக்கரத்தைப் பிடித்துத் திணறினான். அன்புச்செல்வன் போய் மறுபக்கம் கை கொடுத்தான். யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. சாமியம்மாள் உள்ளுக்குள் எண்ணினாள். நாற்பதில் சக்கரம் நின்றது. தண்ணீர் ஷட்டருக்கடியில் புரண்டு ஓடையில் விழுந்தது.

மதியத்துக்கு மேல் மேடு தெரிந்தது. முதலில் பூவரசின் தூர், பிறகு சேறு பூசிய ஒரு முதுகுபோலத் தமிழ்மொழியின் மேடு. கடைசியாக நாலு கல். ஒன்றுகூட நகரவில்லை. அன்புச்செல்வன் மண்கலயத்தில் வைத்திருந்த சாம்பலைக் கொண்டுவந்தான். ஆறடி இடத்தில் ஒரு முழத்துக்குக் குழி போதுமாயிருந்தது. மீதி இடம் சும்மா கிடந்தது.

திரும்பி வரும்போது லஸ்கர் ஷட்டரை மூடிவிட்டு, தண்டை மாட்டிக்கொண்டிருந்தான். பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்தான். பித்தளை, கெட்டியானது. மேலே மஞ்சள் பெயின்ட்டில் 27 என்று எழுதியிருந்தது. அதைத் தண்டின் நடுவே போட்டான்.

"இன்னா தம்பி இது?" என்றாள் சாமியம்மாள்.

"இனிமே ஒரே பூட்டுதாங்க, எல்லா ஏரிக்கும். முடிவாயிடுச்சி."

"பன்னெண்டாந்தேதிதான மீட்டிங்குன்னாங்க?"

"மழைங்கறதால முந்தாநாளே ஆன்லைன்ல முடிச்சிட்டாங்கம்மா. நாப்பத்தோரு ஏரிக்கும் சேத்து ஒரே தீர்மானம்."

"புஸ்தகத்தப் பாத்தாங்களா? பூட்டப் பத்தி நா எழுதியிருந்தது?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "அதெல்லாம் கட்டிப்போட்டு ஒரு ரூம்ல இருக்குதுங்க. யாரும் பிரிக்கல."

அன்புச்செல்வன் அம்மாவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தான். அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அதன் பிறகு எந்தக் காலத்திலும் அவன் அதைக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஜெயகணேஷ் பழைய பூட்டுகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "இதுங்க கணக்குல இல்ல. வேணும்னா வச்சிக்கங்க." ஊர்ப் பூட்டை ஜானகியம்மாள் வாங்கிக்கொண்டாள். காலனிப் பூட்டையும், கொத்திலிருந்து கழற்றிய சிவப்பு நூல் சாவியையும் சாமியம்மாள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் கரையில் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தார்கள். பாதை பிரிகிற இடத்தில் ஜானகியம்மாள் நின்றாள். இனிமேல் அவர்கள் சந்திக்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"அத வச்சி இன்னா பண்ணப்போற?" என்றாள் ஜானகியம்மாள்.

"வூட்டுக்கு ஆவும்ங்க."

பதினேழாம் நாள் சாமியம்மாள் வேலைக்குக் கிளம்பினாள். அன்புச்செல்வன் மூன்றாம் ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள். "வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டிச் சாவியைத் திருகினாள். மழையில் நனைந்து இறுகியிருந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டிட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகும் பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் ஹாரன் கேட்டதும் நடக்கத் தொடங்கினாள்.